எறும்புக்கு இரை தேடுமுன்



சண்டிலிப்பாயிலிருந்து ஒரு மாணவர் நமக்குக் கடிதம் எழுதியிருக்கின்றார். சென்ற மாரியின் முதல் மழை பெய்து ஓய்ந்த மாலையில், கிணற்றடியில் இறகு உதிர்த்துத் திரிந்த கட்டெறும்பு இராணி ஒன்றைக் கண்டெடுத்தாராம். அதனைக் கண்ணாடிக் குழாய் ஒன்றில் இட்டு, ஈரப் பஞ்சு வைத்து, இருளான இடத்தில் பாதுகாத்தார். சில வாரங்களில் முட்டைகள் புழுக்களாகி, புழுக்கள் கூட்டுப் பருவம் கடந்து, முதல் வேலைக்கார எறும்புகள் வெளிவந்தன. ஆண்டு முடியுமுன் நாற்பதுக்கு மேற்பட்ட எறும்புகள் கொண்ட குடும்பம் ஒன்று அவர் மேசைமீது வாழ்ந்தது. சீனித் தண்ணீரும், வளவிற் பிடித்த பூச்சிகளும் அவற்றுக்கு உணவாயின.

ஒரு நாள் வளவிற் பூச்சி கிடைக்காமையால், அயலிலுள்ள வெங்காயத் தோட்டத்து வரம்பிலே ஒரு வெட்டுக்கிளியைப் பிடித்தார். “வழக்கம்போற் கழுவினேன், கொதிநீரிலும் தோய்த்தேன், துண்டு துண்டாக வெட்டியே வைத்தேன். இரண்டு நாளில் பாதிக்கு மேற்பட்ட எறும்புகள் கால்கள் மடங்கி இறந்துவிட்டன. இராணியும் நடக்க இயலாமற் கிடக்கின்றது. நான் செய்த பிழை யாது?” என்று கேட்கின்றார்.

வெட்டுக்கிளி பிடிபட்ட விதத்தைக் கடிதத்தின் நடுவிலே ஒரு வரியில் அவரே சொல்லியிருக்கின்றார். “அது பறக்கவில்லை, கையை நீட்டியதும் அகப்பட்டுவிட்டது” என்பதே அவ்வரி. வினாவுக்கான விடை பெரும்பாலும் அங்கேதான் இருக்கின்றது. ஆயினும் அவ்விடையைத் தெளிவாக உணர வேண்டுமாயின், எறும்பு எவ்வாறு உண்கின்றது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

எறும்பு வளர்ப்போர்

எறும்பை வளர்ப்பது வேடிக்கை விளையாட்டு என்று பெரியோர் சிலர் எண்ணலாம். இங்கிலாந்திலே வங்கி முதல்வராயும் பாராளுமன்ற உறுப்பினராயும் விளங்கிய சேர் ஜோன் லபொக் என்பார், இரு கண்ணாடித் தகடுகளுக்கு இடையே மெல்லிய மண் படையை அமைத்து அதில் எறும்புகளைக் குடியேற்றினார். 1874ஆம் ஆண்டு டிசெம்பரில் அவர் எடுத்து வளர்த்த இராணி ஒன்று 1888ஆம் ஆண்டு ஆகத்து மாதம் வரை உயிருடன் இருந்தது. ஒரு சிற்றுயிர் பதின்மூன்று ஆண்டுக்கு மேல் வாழும் என்பதை உலகம் அவர் மேசையிலிருந்தே கற்றுக்கொண்டது. 1882இல் அவர் வெளியிட்ட எறும்பு, தேனீ, குளவி பற்றிய நூல் இத்துறைக்கு அடிப்படை நூல்களுள் ஒன்றாயிற்று.

எனவே எறும்புக் குழாயை மேசையில் வைத்திருக்கும் பிள்ளையை, படிப்பை விட்டுப் பராக்குப் பார்ப்பவன் என்று கடிந்துகொள்ள வேண்டியதில்லை. பொறுமை, ஒழுங்கு, குறிப்பெழுதும் பழக்கம் ஆகிய மூன்றையும் அக்குழாய் செலவின்றிக் கற்பிக்கும்.

ஒருவர் உண்டது ஊர் முழுவதற்கும்

வளர்ந்த எறும்பு திண்மையான உணவை விழுங்குவதில்லை. அதன் இடை நூல்போல் ஒடுங்கியது. அவ்வழியே நீர்மப் பொருள் மாத்திரமே செல்லும். வாயினுள்ளே ஒரு சிறு பை உண்டு. உணவிலுள்ள துகள்கள் அதில் வடிபட்டுத் தங்கி, பின்னர்ச் சிறு உருண்டையாக வெளியே துப்பப்படும். வேலைக்கார எறும்பு ஓடியாடித் திரிவதற்கு வேண்டிய வலுவை இனிப்பு நீரே தருகின்றது. அங்ஙனமாயின் பூச்சி இறைச்சி எதற்கு? வளரும் புழுக்களுக்கும், முட்டையிடும் இராணிக்கும் புரதம் வேண்டும். தொட்டிலிலே குழந்தை இல்லாத வீட்டிற்குப் பால் குறைவாகவே தேவைப்படுவதுபோல, புழு இல்லாத எறும்புக் குடும்பத்திற்குப் பூச்சியும் குறைவாகவே தேவைப்படும். முதற் குஞ்சுகள் தோன்றும்வரை கட்டெறும்பு இராணி எதனையும் உண்ணாது. பறத்தற்கு உதவிய தன் தசைகளைக் கரைத்தே பிள்ளைகளை வளர்க்கின்றது. அக்காலத்தில் இரையிட முயன்று அதனைக் கலைத்தல் ஆகாது.

எறும்புக்கு இரண்டு வயிறு உண்டு என்று சொல்லலாம். பின்னுள்ளது தனக்குரியது, முன்னுள்ள பை ஊருக்குரியது. வெளியே சென்று உண்டு வந்த எறும்பு, பசித்த எறும்பின் வாயோடு வாய் வைத்து அப்பையிலுள்ளதை ஊட்டுகின்றது. அது மற்றொன்றுக்கு, மற்றொன்று வேறொன்றுக்கு. அமெரிக்காவில் எட்வேட் வில்சனும் தோமஸ் ஐஸ்னரும் கதிரியக்க அடையாளம் இட்ட இனிப்பை எறும்புக்குக் கொடுத்து, அது கூட்டமெங்கும் எத்துணை விரைவிற் பரவுகின்றது என்பதை அளந்து 1957ஆம் ஆண்டில் வெளியிட்டனர். இந்த வில்சன் 1955இல் நமது நாட்டிற்கும் வந்தவர். இலங்கையிலன்றி உலகில் வேறெங்கும் இல்லாத பண்டைய எறும்பினமாகிய ‘அனியூரிட்டஸ்’ என்பதனை நாட்டின் தெற்குப் புறத்து மழைக்காட்டிலே தேடிக் கண்டு ஆராய்ந்தவர்.

பகிர்ந்துண்ணும் இப்பண்பு எறும்பின் பெருமை. அதுவே அதன் ஆபத்துமாகும். கடைகளில் விற்கும் எறும்புப் பொறியில் வைக்கும் நஞ்சு உடனே கொல்லாத வகையாகத் தெரிந்தெடுக்கப்படுவது இதனாலேயே. உண்ட எறும்பு வீடு சென்று ஊட்டும்வரை உயிரோடிருக்க வேண்டும்; அப்பொழுதுதான் குடும்பம் முழுவதும் அழியும். நாம் அன்போடு வைக்கும் வெட்டுக்கிளியின் உடலில் நஞ்சு இருக்குமாயின், அதுவும் நாமே வைத்த பொறியாகிவிடும்.

எளிதில் அகப்படும் பூச்சி

நலமான வெட்டுக்கிளியைப் பிடிப்பது எளிதன்று. நிழல் விழுமுன்னரே அது தாவிவிடும். கை நீட்டியதும் அகப்படும் வெட்டுக்கிளி, நிலத்திற் புரளும் ஈ, பகல் வெளிச்சத்தில் முற்றத்திலே தள்ளாடும் கரப்பான், மல்லாந்து கிடந்து காலை உதறும் வண்டு ஆகியன ஏதோ ஒரு துன்பத்தில் இருக்கின்றன. முதுமையாகலாம், நோயாகலாம், ஒட்டுண்ணிப் புழுவாகலாம். தோட்டப்புறமாயின் முதலில் ஐயப்பட வேண்டியது பூச்சிகொல்லியையே. பிடிக்கும் சிறுவனுக்கு எவை எளியனவோ அவையே அவன் எறும்புக்குக் கொடியன.

நமது தமிழிலே இலக்கணகாரர் ‘மங்கலம்’ என்று ஒரு வழக்குக் கூறுவர். இறந்தாரைத் ‘துஞ்சினார்’ என்பது போல, அமங்கலமானதை மங்கலமான சொல்லாற் சுட்டுவது அது. தோட்டத்துக்கு நஞ்சு தெளிப்பதை ‘மருந்து அடித்தல்’ என்று நாம் சொல்வதும் ஏறத்தாழ அத்தகையதே. பயிருக்கு மருந்து, பூச்சிக்கு நஞ்சு. இரண்டும் ஒரே போத்தலில் இருப்பதைச் சொல் மறைத்துவிடுகின்றது.

சண்டிலிப்பாயின் அமைப்பை நோக்குங்கள். மாரியில் மட்டும் நீரோடும் வழுக்கையாறு கந்தரோடைப் பக்கமிருந்து இவ்வூரைத் தழுவிச் சென்று அராலியில் கடலோடு கலக்கின்றது. அதன் தாழ்நிலங்களில் நெல் வயல். மேட்டு நிலங்களில் வெங்காயம், மிளகாய், புகையிலை, மரக்கறி. இடையிடையே பனங்காணிகளும் வேலியடைத்த வளவுகளும். வயலுக்கும் வளவுக்கும் இடையில் உள்ளது ஒரு வேலிதான். வெட்டுக்கிளிக்கு அது தடையாகாது. ஆகவே, ‘எங்கே பிடித்தேன்’ என்பதோடு, ‘அப்பூச்சி நேற்று எங்கே மேய்ந்தது’ என்பதையும் எண்ண வேண்டியிருக்கின்றது.

நம் மாணவர் வெட்டுக்கிளியைக் கழுவினார், கொதிநீரில் தோய்த்தார். இவை நல்ல செயல்களே. ஆனால் இக்காலத்துப் பூச்சிகொல்லிகளுட் பல, இலையின் மேலே படிந்து நிற்பதோடு அமைவதில்லை. செடி அவற்றை உறிஞ்சுகின்றது. சாற்றோடு சாறாக அவை தண்டிலும் இலையிலும் பரவுகின்றன. அவ்விலையைத் தின்ற பூச்சியின் உடலுக்குள்ளே நஞ்சு இருக்கும்போது, வெளியே கழுவுவதனாற் பயனில்லை. கொதிநீர் உண்ணியைக் கொல்லும், கிருமியைக் குறைக்கும், உடலினுட் புகுந்த நஞ்சை அகற்றாது. குளிர்ப்பெட்டியில் உறையவைத்தாலும் நஞ்சு நஞ்சாகவே இருக்கும்.

இதில் நம்மவர் அறியத்தக்க செய்தி ஒன்றுண்டு. புகையிலையை ஊறவைத்த தண்ணீரைப் பூச்சி விரட்டத் தெளிப்பது பழைய வழக்கம். அதன் நஞ்சாகிய நிக்கொட்டின் பூச்சியின் நரம்பைத் தாக்குகின்றது. அந்த நிக்கொட்டினின் வழியைப் பின்பற்றி ஆய்கூடத்தில் உருவாக்கப்பட்டவையே ‘நியோ நிக்கொட்டினொயிட்டு’ என்னும் புதிய பூச்சிகொல்லிகள். இவற்றுள் இமிடாக்குளோபிரிட்டு 1991இல் விற்பனைக்கு வந்து உலகெங்கும் பரவியது. தேனீக்களுக்கு ஏற்பட்ட கேட்டைக் கருதி, இவ்வகையில் மூன்றினைத் திறந்த வெளியிற் பயன்படுத்துவதை ஐரோப்பிய ஒன்றியம் 2018ஆம் ஆண்டில் தடைசெய்தது. தேனீயும் எறும்பும் ஒரே குலத்தைச் சேர்ந்தவை. தேனீக்கு ஆகாதது எறும்புக்கும் ஆகாது என்று கொள்வதே அறிவுடைமை.

எங்கே தேடுவது?

இரண்டு மூன்று கிழமையாக எந்தத் தெளிப்பும் நடைபெறாத இடத்தையே நாட வேண்டும். உங்கள் வளவில் வீட்டார் பூச்சிகொல்லி அடிப்பதில்லையாயின் அதுவே முதலிடம். அடுத்து, தோட்டங்களிலிருந்து விலகிய பனங்காணி, பற்றைக் காணி, கோயிற் சோலை. ஒரு தோட்டத்தின் ஓரத்திலே பிடிக்க விரும்பினால், தோட்டக்காரரிடம் நேரிற் சென்று, “ஐயா, கடைசியாக எப்போது மருந்து அடித்தீர்கள்?” என்று கேளுங்கள். நம் ஊர்த் தோட்டக்காரர் பிள்ளைகள் மரியாதையாகக் கேட்டால் மறைக்க மாட்டார். கேட்கும் காரணத்தை அறிந்தால் இன்னும் இரண்டு செய்தி சேர்த்தே சொல்லுவார்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் புற்றிலிருந்து எழும் ஈசல் எறும்புக்கு மிகச் சிறந்த உணவு. அதன் உடல் மென்மையானது, கொழுப்பு நிறைந்தது. நம் முன்னோரும் அதனை உண்டிருக்கின்றனர். புளித்த மோரில் ஈயல் சேர்த்துச் சமைத்த செய்தி புறநானூற்றிலேயே வருகின்றது. விளக்கடியில் விழும் ஈசல்களுள் பறந்து வருவனவற்றை எடுத்துச் சேமிக்கலாம். கறையான் கொல்லி ஊற்றிய வீட்டின் அடியிலிருந்து எழும் ஈசலை மாத்திரம் தவிர்த்துவிடுங்கள்.

வெட்டுக்கிளி, சில்வண்டு, ஈ, மென்மையான விட்டில், மயிரில்லாத புழு ஆகியன ஏற்றவை. வீட்டுக்குள் அகப்படும் கரப்பானும் நல்லுணவே. ஆனால் அயல்வீட்டில் நஞ்சு தின்றுவிட்டு நம் வீட்டிற்கு வந்ததோ என்பதை அதன் நெற்றி சொல்லாது. ஆகவே கரப்பானைக் கீழே கூறும் சோதனையின்றிக் கொடாதீர்கள்.

விலக்கத்தக்கவற்றை நினைவில் நன்கு பதித்துக்கொள்ளுங்கள். இறந்து கிடந்த பூச்சி எதுவும் வேண்டாம். அதன் சாவின் காரணம் நமக்குத் தெரியாது. உடலில் வெண்மையாகவோ பச்சையாகவோ பூஞ்சணம் படர்ந்ததைத் தொடவே வேண்டாம். முருங்கை மரத்து மயிர்க்கொட்டி ஆகாது. எருக்கலை இலையைத் தின்னும், கருமையும் வெண்மையும் மஞ்சளும் வரிவரியாயுள்ள புழுவும், அதிலிருந்து வரும் செம்மஞ்சள் வண்ணத்துப்பூச்சியும் எருக்கலையின் நஞ்சைத் தம் உடலிற் சேர்த்து வைப்பவை. பூக்களிலே மொய்க்கும், கருநிறத்தில் செம்மஞ்சட் பட்டையுடைய கொப்புள வண்டின் சாறு மனிதர் தோலையே பொங்கச் செய்யும். மரவட்டையும் நாற்றப் பூச்சியும் தம்மைக் காக்கக் கொடிய திரவம் சுரப்பவை. பொதுவாக, ஒளிர்ந்த நிறத்தோடு அஞ்சாமல் உட்கார்ந்திருக்கும் பூச்சி தன்னைத் தின்பவருக்கு எச்சரிக்கை சொல்லுகின்றது என்று கொள்ளலாம். வேறு கூட்டத்து எறும்புகளையும் உணவாக இடாதீர்கள்; அது போரையும் நோயையும் வீட்டுக்குள் அழைப்பதாகும்.

இரையைப் பக்குவம் செய்தல்

முதலாவது, காத்திருத்தல். பிடித்த பூச்சியை உடனே கொல்லாது, வாயில் துணி கட்டிய போத்தலிலே, ஐயமற்ற இடத்துப் புல்லோ இலையோ சிறிது இட்டு, இரண்டு அல்லது மூன்று நாள் உயிரோடு வைத்திருங்கள். கால் நடுங்கினால், மல்லாந்து விழுந்தால், உண்ண மறுத்தால் எறிந்துவிடுங்கள். தெம்பாகத் தாவிக்கொண்டிருந்தால் அது பெரும்பாலும் நலமானது. இக்காலத்தில் அதன் குடலிலிருந்த பழைய உணவும் வெளியேறிவிடும். இந்த ஒரு படியை மேற்கொண்டிருந்தால் நம் மாணவரின் எறும்புகள் பிழைத்திருக்கக்கூடும்.

இரண்டாவது, சோதித்தல். வெட்டுக்கிளியின் இறகை விரித்துப் பாருங்கள். இறகின் அடியில் சிவப்பு மணிகள் போல ஒட்டியிருப்பவை உண்ணிகள். வண்டின் ஓட்டுச் சிறகுக்குக் கீழும் நுண்ணிய உண்ணிகள் பயணம் செய்யும். எறும்புக் குழாய்க்குள் அவை புகுந்துவிட்டால் வெளியேற்றுவது அரிது.

மூன்றாவது, கொல்லுதல். இதனைத் தயக்கத்தோடேயே எழுதுகின்றோம். உயிருள்ள வெட்டுக்கிளி கூர்மையான முள்ளுக் காலால் சின்னஞ்சிறு எறும்புகளை உதைத்துக் கொன்றுவிடும். ஆகையால் உயிரோடு இடல் ஆகாது. போத்தலோடு குளிர்ப்பெட்டியின் உறைநிலைத் தட்டில் வைத்தால் பூச்சி மெல்லத் துயில் கொண்டு இறக்கும். இரண்டு நாள் அங்கேயே இருந்தால் உண்ணிகளும் பெரும்பாலும் மடியும். குளிர்ப்பெட்டி இல்லாத வீட்டில் கொதிநீரே வழி. தேநீர் வடியில் இட்டு, கொதிக்கும் நீரில் அரை நிமிடம் தோய்த்து எடுத்து, சுத்தமான துணியில் ஒற்றி ஆறவிடுங்கள். சிறுவர் இதனைத் தனியே செய்யாது பெரியோர் துணையுடன் செய்தல் வேண்டும். இன்னொன்று: அம்மா தேநீர் வடிக்கும் வடியை இதற்கு எடுத்தீர்களாயின், எறும்பு பிழைத்தாலும் நீங்கள் பிழைப்பது ஐயம். பழைய தகரப் பேணியொன்றும் கழித்துவிட்ட வடியொன்றும் இதற்கெனவே புறம்பாக வைத்துக்கொள்ளுங்கள். சைவ உணவே சமைக்கும் வீடுகளில் அடுக்களைக்கு வெளியே தனி அடுப்பில் நீர் கொதிக்கவைத்தல் நன்று.

நான்காவது, வெட்டுதல். நீண்ட கால்களையும் இறகுகளையும் அகற்றுங்கள். தடித்த ஓட்டைச் சிற்றெறும்புகளின் தாடையால் வெட்டித் திறக்க இயலாது. ஆகவே வயிற்றுப் பகுதியை நீளவாக்கிற் கீறி உள்ளிருக்கும் மென்மையான பாகம் தெரியும்படி வைக்க வேண்டும். ஐம்பது எறும்புக்கு ஒரு முழு வெட்டுக்கிளி பெருவிருந்து. இராணியின் வயிற்றளவுள்ள துண்டு ஒன்றிரண்டு போதும். எஞ்சியவற்றைச் சிறு கடதாசிப் பொதிகளாக்கி, பிடித்த இடமும் திகதியும் எழுதி உறையவைக்கலாம். அக்குறிப்பை அற்பமென எண்ணாதீர்கள். ஒரு நாள் ஏதேனும் கேடு நேர்ந்தால் காரணத்தைத் தேட அது ஒன்றே உதவும்.

ஐந்தாவது, முன்னோட்டம். புதிய இடத்திலிருந்து பிடித்த பூச்சியாயின், வெளியே உணவு தேட வரும் எறும்புகளில் மூன்று நான்கினைத் தனிக் குழாயிற் பிரித்து, முதற் துண்டை அவற்றுக்கு வையுங்கள். ஒரு நாள் முழுவதும் அவை நலமாயிருந்த பின்னரே குடும்பத்துக்குக் கொடுங்கள்.

ஆறாவது, பரிமாறுதலும் எடுத்தலும். எறும்புகள் குடியிருக்கும் அறையில் உணவை வையாதீர்கள். அதனோடு இணைந்த வெளியறையில், ஒரு சிறு சிரட்டைத் துண்டிலோ இலைத் துண்டிலோ வையுங்கள். நமது வெப்பத்திற்கும் ஈரப்பதனுக்கும் பூஞ்சணம் ஒரே நாளிற் பிடித்துவிடும். மாலையில் வைத்ததை மறுநாள் மாலைக்குள் இடுக்கியால் எடுத்துவிட வேண்டும். புழுக்கள் நிறைந்திருக்கும் காலத்தில் கிழமைக்கு இரண்டு மூன்று முறை பூச்சி போதும். சீனித் தண்ணீரை ஒரு பங்கு சீனிக்கு மூன்று பங்கு நீராகக் கரைத்துப் பஞ்சில் நனைத்து வைக்கலாம். வெறும் நீர் எப்போதும் இருத்தல் வேண்டும்.

பூச்சி கிடைக்காத நாளில்

மருந்தடிப்புக் காலத்தில் வெளியே பூச்சி பிடிக்காமலே சமாளிக்கலாம். அவித்த முட்டையின் மஞ்சட்கருவில் கடுகளவு கொடுத்தால் எறும்பு விரும்பி உண்ணும். அரிசி மாவிலும் தவிட்டிலும் தாமாகவே தோன்றும் சிறு வண்டுகளை, ஒரு போத்தலில் தவிட்டோடு பெருகவிட்டு, அவற்றின் புழுக்களை எடுத்து இடலாம். நீங்களே வளர்த்த பூச்சியின் வரலாறு உங்களுக்குத் தெரியும்.

ஆய்கூடங்களில் வேறொரு வழி கையாளப்படுகின்றது. பட்கர், விட்கம் என்னும் இருவர் 1970ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே வெளியிட்ட செயற்கை உணவுமுறை இன்றும் உலகெங்கும் பயன்படுகின்றது. அரை லீற்றர் நீரில் 5 கிராம் அகர் என்னும் கடற்பாசிப் பொருளைக் காய்ச்சிக் கரைத்து, ஆறிவருகையில் ஒரு கோழிமுட்டையும் 62 மில்லிலீற்றர் தேனும் சிறிதளவு உயிர்ச்சத்தும் தாதுவுப்பும் கலந்து, பாகு இறுகிய பின் சிறு துண்டுகளாக வெட்டிக் கொடுப்பதே அது. அகரும் தேனும் கிடைக்கும் வீட்டிலே மாணவர் இதனைப் பெரியோருடன் சேர்ந்து செய்து பார்க்கலாம். இது பூச்சியுணவுக்கு முழுமையாக ஈடாகாது. ஆயினும் சில கிழமைகளைப் பயமின்றிக் கடத்த உதவும்.

மரத்திலே ஒரு காவற்படை

எறும்பு வளர்த்தல் என்றவுடன் விலை கொடுத்துப் பிறநாட்டு எறும்பை வாங்க நினைப்போரும் இன்று உளர். ஆபிரிக்காவின் பெரிய அறுவடை எறும்புகளை நாடு கடத்த முயன்றமைக்காக, 2025ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் கென்யாவிலே இரு பெல்ஜிய இளைஞர் கைதாயினர். சுமார் 5,000 எறும்புகள் பஞ்சடைத்த சிறு குழாய்களில் இருந்தன. அடுத்த மாதம் நீதிமன்றம் அவர்களுக்கு விதித்த தண்டம் ஆளுக்குப் பத்து இலட்சம் கென்யச் சிலிங்கு. ஓர் எறும்பை அதன் நிலத்திலிருந்து பெயர்ப்பது அந்நிலத்துக்கும் தீங்கு, அது சென்றடையும் நிலத்துக்கும் தீங்கு. நமது கிணற்றடிக் கட்டெறும்பே நமக்குப் போதும். வளர்க்க இயலாத நாளில், எடுத்த இடத்திலேயே அதனை விட்டுவிடலாம்.

போத்தலில் அடங்காத எறும்பும் நம்மிடம் உண்டு. மாமரத்து இலைகளைத் தம் புழுக்களின் நூலால் தைத்துக் கூடமைக்கும் முசுற்றை அறியாதார் யார்? சீன நாட்டிலே, 304ஆம் ஆண்டில் எழுதப்பட்டதாகக் கருதப்படும் நூலொன்றில், தோடை மரத்துப் பூச்சிகளை அழிக்க எறும்புக் கூடுகளைச் சந்தையில் விற்ற செய்தி காணப்படுகின்றது. வட அவுஸ்திரேலியாவில் மா, மரமுந்திரிகைத் தோட்டங்களில் முசுற்றைக் காவலாகப் பேணும் முறையை ஆராய்ந்து நடைமுறைக்குக் கொண்டுவந்திருக்கின்றனர். மாங்காய் பறிக்க ஏறுபவரைக் கடிக்கும் என்ற ஒரே குற்றத்துக்காக நாம் அதன் கூட்டைத் தீப்பந்தத்தாற் சுட்டுவிட்டு, பின்னர் பூச்சி வந்ததென்று தெளிகருவியைத் தூக்குகின்றோம்.

நம் கறிச்சட்டிக்கும் அதே வினா

பூச்சிகொல்லியால் நன்மையே இல்லை என்று சொல்லுதல் நன்றிகேடாகும். இலங்கையில் மலேரியாவை அடக்கிய போரில் அது பெரும் பங்கு கொண்டது; 2016ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் நம் நாட்டை மலேரியா அற்ற நாடென அறிவித்தது. கடன்பட்டு வெங்காயம் நட்ட தோட்டக்காரருக்குப் புழு விழுந்தால் அவ்வாண்டின் சோறே போய்விடும். அவரை இங்கிருந்து குறைகூறல் எளிது. ஆயினும் மனித உயிர்க்கே பேராபத்து விளைத்தமையால் மொனோகுறொட்டோபொஸ் முதலியவை 1995இலும், எண்டோசல்பான் 1998இலும் இந்நாட்டிலே தடைசெய்யப்பட்டன என்பதையும் மறத்தல் கூடாது. 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் வகுக்கப்பட்டதும் இந்த ஆபத்துகளை அடக்குவதற்கே.

ஒவ்வொரு பூச்சிகொல்லிக்கும், தெளித்த பின் அறுவடை செய்யும்வரை விடவேண்டிய இடைவெளி நாள் உண்டு; அது சிட்டையில் எழுதப்பட்டிருக்கும். நேற்றுத் தெளித்துவிட்டு இன்று சந்தைக்கு ஏற்றினால், வெட்டுக்கிளியின் உடலுள் இருந்ததே கத்தரிக்காயுள்ளும் இருக்கும். மிஞ்சியது மழையோடு மண்ணுள் இறங்கும். யாழ்ப்பாணக் குடாநாட்டிலே பேராறு இல்லை. சுண்ணக்கற் பாறையின் இடுக்குகளில் தேங்கும் மழைநீரே நம் கிணறுகளில் ஊறுவது. தோட்டத்து நிலமும் குடிநீர்க் கிணறும் ஒரே பாறையின் மேல் இருக்கின்றன.

நம் மாணவருக்குக் கூறுவது இது: இராணி உயிரோடிருக்குமாயின், பழைய உணவு முழுவதையும் அகற்றி, புதிய குழாய்க்கு மாற்றி, தூய நீரும் இளஞ் சீனித் தண்ணீரும் மாத்திரம் கொடுத்து அசையாமல் விடுங்கள். இறந்த எறும்புகளை அப்புறப்படுத்துங்கள். பத்து நாளாயினும் பூச்சி இடவேண்டாம். பிழைத்தால் மீண்டும் முட்டையிடும்.

மற்றைய நேயர்களுக்கு: இன்று நண்பகற் சாப்பாட்டின்போது உங்கள் பிள்ளை கறியைக் காட்டி, “இது எந்தத் தோட்டத்தது? கடைசியாக எப்போது மருந்து அடித்தார்கள்?” என்று கேட்டால், அதிகப்பிரசங்கித்தனம் என்று வாயை அடக்காதீர்கள். நாளைக் காலை சந்தையிலே அதே கேள்வியை நீங்களும் கேளுங்கள். வாங்குவோர் பத்துப் பேர் கேட்டால் விற்பவர் தோட்டக்காரரைக் கேட்பார். தோட்டக்காரர் சிட்டையைப் படிப்பார்.